வானமும் ஒரு துறைமுகம்தான்: திருகோணமலையில் சுழியோடிய ஆர்தர் சி. கிளார்க் விட்டுச்சென்ற கேள்வி

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மூதூரிலோ கிண்ணியாவிலோ வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொலைபேசி அழைப்புகள் நினைவிருக்கும். சவூதியிலிருந்தோ குவைத்திலிருந்தோ வாப்பா பேசுவார், அல்லது வீட்டு வேலைக்குப் போன உம்மா பேசுவார். நாம் ஸலாம் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு சிறு மௌனம் இருக்கும். கேட்கவில்லையோ என்று நாம் மறுபடி பேசத் தொடங்கும்போதுதான் பதில் வந்து சேரும். இரண்டு குரல்களும் மோதிக்கொள்ளும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாமதம் எரிச்சலூட்டும்.

பெரும்பாலும் அது தொலைபேசியின் பழுது அல்ல, தூரத்தின் கணக்கு. நமது குரல் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய், அங்கே நிற்கும் ஒரு செய்மதியில் பட்டு, மீண்டும் அதே தூரம் இறங்கி வந்தது. போகவர ஏறக்குறைய கால் செக்கன். பதில் வர இன்னொரு கால் செக்கன். அந்த உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால் அது பூமியோடு சேர்ந்து சுழன்று, நமது கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம். இதை 1945ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிக்காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க்.

அவரை நம்மில் பலருக்குக் கொழும்பில் வாழ்ந்த வெள்ளைக்கார எழுத்தாளர் என்றுதான் தெரியும். அவருடைய இலங்கை வாழ்க்கையின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று நமது திருகோணமலைக் கடலுக்கு அடியில் எழுதப்பட்டது என்பதும், விண்வெளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அவர் இந்தச் சிறிய தீவிலிருந்து உலகத்திடம் கேட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் யார் எடுப்பது என்று வல்லரசுகள் கணக்குப் போடும் ஒரு மாவட்டத்தில் வாழும் நாம் அவருடைய கதையை ஒரு முறையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும்.

தந்தி அனுப்பிய தாயின் மகன்

கிளார்க் 1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் சமர்செட் பகுதியில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். தாய் தபால் திணைக்களத்தில் தந்தி அனுப்புபவராக இருந்தவர். தந்தையும் அதே திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து, பின்னர் பண்ணை வைத்தவர். கிளார்க்குக்கு பதின்மூன்று வயதாகும்போது தந்தை இறந்துவிட்டார். வீட்டில் வசதி இல்லை. பாடசாலைப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் போக வழியில்லாமல் 1936இல் லண்டனுக்குப் போய் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்காய்வு எழுதுவினைஞராகச் சேர்ந்தார். ஆசிரியர்களின் ஓய்வூதியக் கணக்குகளைப் பார்ப்பது பகல் வேலை. மாலையில், சந்திரனுக்குப் போவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்த பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தில் இருப்பார். பிற்காலத்தில் அந்தச் சங்கத்தின் தலைவராகவும் இரண்டு தடவை இருந்தார்.

இரண்டாம் உலகப் போர் அவரை விமானப்படையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1941 முதல் 1946 வரை ராடார் பிரிவில் பணியாற்றினார். மூடுபனியில் கண் தெரியாமல் வரும் விமானத்தைத் தரையிலிருந்து ராடாரின் உதவியோடு பத்திரமாக இறக்கும் முறையைப் பரீட்சித்த குழுவில் அவரும் ஒருவர். அதே காலத்தில் நமது திருகோணமலையும் போரின் நடுவே இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு போட்டன. ஒரு பெரிய இயற்கைத் துறைமுகம் இருப்பது ஓர் ஊருக்கு எவ்வளவு வரமோ அவ்வளவு ஆபத்தும் என்பதை நமது பாட்டன்மார் அன்று கண்டார்கள்.

போர் முடிந்த கையோடு, 1945 ஒக்டோபரில், வயர்லெஸ் வேர்ல்ட் என்ற சஞ்சிகையில் அவருடைய அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வெளியானது. அப்போது வானத்தில் மனிதன் அனுப்பிய எந்தச் செய்மதியும் இல்லை. முதல் செய்மதி பறக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. வால்வுகள் பழுதானால் மாற்றுவதற்கு ஆட்கள் மேலேயே தங்கியிருக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். அந்த ஒரு விடயத்தில் தொழில்நுட்பம் அவரைவிட வேகமாக ஓடிவிட்டது. ஆனால் உயரமும், மூன்று நிலையங்கள் என்ற கணக்கும், அதனால் உலகத் தொடர்பாடலில் வரப்போகும் மாற்றமும் அப்படியே பலித்தன.

அந்தக் கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 15 பவுண். காப்புரிமை எடுக்கவில்லை. இன்று பல்லாயிரம் கோடி டொலர் புரளும் தொழிலின் அடிப்படையை 15 பவுணுக்கு விட்டுக்கொடுத்தவர் என்று பலரும் அனுதாபப்படுவார்கள். அவரே அதைக் கேலியாக எழுதியும் இருக்கிறார். உண்மையில் காப்புரிமை எடுத்திருந்தாலும் பெரிதாகக் கிடைத்திருக்காது. அக்காலப் பிரித்தானியக் காப்புரிமை 16 ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். அவர் சொன்ன சுற்றுப்பாதையில் முதலாவது வர்த்தகச் செய்மதி நின்றது 1965இல். அதற்கு முன்பே காப்புரிமை காலாவதியாகியிருக்கும். காலத்துக்கு முந்திச் சிந்திப்பவனுக்குச் சந்தை கூலி கொடுப்பதில்லை.

போருக்குப் பின்னர்தான் அவருக்குப் பல்கலைக்கழக வாசல் திறந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகவியலும் படித்து 1948இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். பிறகு முழுநேர எழுத்து.

கோணேசர் மலையின் அடியில்

1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் முருகைக்கற் பாறைகளைப் பார்க்கக் கப்பலில் போகும் வழியில் கிளார்க் முதன்முதலாகக் கொழும்பில் இறங்கினார். ஓர் அரை நாள் தரிப்பு. அதுவே போதுமானதாக இருந்தது. 1956இல் நண்பர் மைக் வில்சனோடு திரும்பி வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவரை இழுத்தது கடல். நீருக்கடியில் உடல் எடையற்று மிதக்கும்போது கிடைக்கும் உணர்வுதான் விண்வெளியில் மிதப்பதற்கு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய மிக அண்மையான அனுபவம் என்று அவர் நம்பினார். ரொக்கெட்டில் ஏற முடியாதவர் கடலில் இறங்கினார்.

அந்த ஆண்டே அவர்கள் திருகோணமலைக்கு வந்தார்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் சுவாமி மலையின் அடியில் சுழியோடினார்கள். அங்கே செதுக்கப்பட்ட கற்களும் தூண்களும் பாறைகளுக்கு இடையில் சிதறிக் கிடந்தன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் எச்சங்கள் அவை. கோயிலின் கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, இன்னொரு பகுதி கடலுக்குப் போனது. அந்தத் தேடலின் கதையை 1957இல் வெளியான தப்ரபேனின் முருகைப் பாறைகள் பற்றிய நூலில் கிளார்க் எழுதினார். நமது துறைமுகத்தைப் பற்றி உலகம் அதுவரை படித்ததெல்லாம் கப்பற்படைகளின் கதை. நீருக்கடியில் கிடந்த நமது ஊரின் கதையைப் பரந்த வாசகர் கூட்டத்திடம் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்த 1957இன் ஒக்டோபர் மாதத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. கிளார்க் அப்போது விண்வெளி மாநாடு ஒன்றுக்காக பார்சிலோனாவில் இருந்தார். 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியா இலங்கையிடம் கையளித்தது. ஒரே மாதத்தில், பதினொரு நாள் இடைவெளியில், ஒரு பழைய பேரரசு நமது துறைமுகத்திலிருந்து இறங்கியது, புதிய பேரரசுகளின் போட்டி நமது தலைக்கு மேலே ஏறியது. கடலில் தளம் வைத்திருப்பவன் உலகை ஆள்வான் என்ற காலம் முடிந்து, வானத்தில் இடம் பிடிப்பவன் ஆள்வான் என்ற காலம் தொடங்கியது.

1961இல் இன்னொரு கண்டுபிடிப்பு. தெற்கே கிரிந்தைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் கலங்கரை விளக்கத்தின் அருகே மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் சுழியோடியபோது உடைந்த கப்பல் ஒன்று அகப்பட்டது. உள்ளே கட்டிகளாக இறுகிப்போன வெள்ளி நாணயங்கள். சூரத் அக்கசாலையில் அச்சிடப்பட்டவை, முகலாயப் பேரரசர் ஆலம்கீர் ஔரங்கசீப்பின் பெயர் தாங்கியவை, ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டுக்குரியவை. அதாவது கி.பி. 1702 அளவில். கிளார்க் இதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இந்து சமுத்திரத்தின் வர்த்தகப் பாதைகளில் முஸ்லிம் அரசொன்றின் நாணயம் மதிப்போடு புழங்கிய காலத்தின் சாட்சி அது. பின்னர் பீரங்கி ஏற்றிய ஐரோப்பியக் கப்பல்கள் அந்தப் பாதைகளைத் தமதாக்கிக்கொண்டன. பாதை யாருடைய கையில் இருக்கிறதோ அவனுடைய நாணயம்தான் செல்லும் என்பது கடலில் நாம் படித்த பாடம். வானத்துக்கும் அது பொருந்தும்.

1962இல் கிளார்க் கடும் நோயுற்றார். போலியோ. எழுந்து நடமாடினாலும் அதன் விளைவு பின்னாளில் திரும்பி வந்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. அந்த உடலோடுதான் அவர் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளை இந்நாட்டில் வாழ்ந்தார். 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கிய 2001 விண்வெளித் திரைப்படம் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1975இல் வெளிநாட்டு நாணயத்தோடு வந்து தங்குவோருக்கு வரிச்சலுகை கொடுக்கும் வதிவிட விருந்தினர் திட்டத்தை இலங்கை அரசு கொண்டுவந்தபோது அதன் முதலாவது பயனாளி அவர்தான்.

கூரை மேல் ஒரு அண்டெனா

விண்வெளி அரசியலைப் புரிந்துகொள்ள 1975ஆம் ஆண்டு ஒரு நல்ல பாடம். அந்த ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி இந்தியா, நாசாவிடமிருந்து இரவலாகப் பெற்ற ஏ.டி.எஸ்.-6 செய்மதி மூலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி அனுப்பத் தொடங்கியது. விவசாயம், சுகாதாரம், குடும்ப நலம், பிள்ளைகளின் கல்வி ஆகியவைதான் நிகழ்ச்சிகள். கோழிக்கூட்டு வலை போன்ற கம்பி வலையால் செய்த மலிவான அண்டெனாக்கள் கிராமத்துக் கட்டடங்களில் பொருத்தப்பட்டன. 1969இலேயே இதற்கான உடன்பாட்டை ஏற்படுத்தியவர் விக்ரம் சாராபாய். அவர் 1971இல் காலமாகிவிட்டார், பலனைப் பார்க்கவில்லை.

கிளார்க் இந்தத் திட்டத்தைப் பற்றி ஓயாமல் எழுதினார், பேசினார். பணக்கார நாடுகளுக்குச் செய்மதி ஒரு கூடுதல் வசதி, ஏழை நாடுகளுக்கோ அது அத்தியாவசியம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கம்பி இழுக்கவும் கோபுரம் கட்டவும் பணமில்லாத நாடு ஒரேயடியாகச் செய்மதிக்குத் தாவலாம் என்றார். இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து அவருடைய வீட்டில் ஓர் அண்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லை. அது வர 1979 ஆகியது. ஆகவே நாட்டிலேயே செய்மதித் தொலைக்காட்சி தெரிந்த வீடு அவருடையதுதான்.

ஆனால் கதையின் முடிவு முக்கியமானது. சரியாக ஓராண்டு முடிந்ததும், 1976 ஜூலை இறுதியில், இரவல் முடிந்தது. அமெரிக்கா செய்மதியைத் தன் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டது. கிராமங்களில் திரை இருண்டது. இரவல் வானம் எப்போதும் இரவல் வானம்தான் என்பதை இந்தியா அன்று உணர்ந்தது. 1981இல் ஆப்பிள், 1982இலிருந்து இன்சாட் வரிசை என்று தனக்கென்று செய்மதிகளைத் தேடிக்கொண்டது. அரபு நாடுகளும் இதே பாடத்தைப் படித்தன. அரபு லீக்கின் உறுப்பு நாடுகள் 1976இல் அரப்சாட் அமைப்பை உருவாக்கின. 1985இல் அதன் செய்மதிகள் மேலே போயின. அவற்றில் இரண்டாவது, சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் பயணம் செய்த அதே அமெரிக்க விண்கலத்தில் சென்றது. விண்வெளிக்குச் சென்ற முதல் அரபியர் அவர்தான். அரபாவிலிருந்து ஹஜ் நேரடி ஒளிபரப்பை நமது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்க்க முடிந்ததற்குப் பின்னால் கிளார்க் கணக்கிட்ட அந்த 36,000 கிலோமீற்றர் பாதை இருக்கிறது.

யாருடைய வானம்?

பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் அந்தப் பாதை ஒன்றே ஒன்றுதான். அதில் செய்மதிகளை ஒன்றோடொன்று அலைவரிசை மோதாமல் நிறுத்த வேண்டும். ஆகவே இடம் வரையறுக்கப்பட்டது, துறைமுகத்தில் கப்பல் கட்டும் இடம்போல. முதலில் வருபவன் முதலில் பிடிப்பான் என்றால் காசும் ரொக்கெட்டும் உள்ளவனே எல்லாவற்றையும் பிடிப்பான். 1964இல் இன்டெல்சாட் என்ற உலகச் செய்மதிக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் பங்கில் 61 சதவீதம் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. இதற்கு எதிராக 1976 டிசம்பரில் கொலம்பியா, எக்குவடோர், கென்யா, இந்தோனேசியா உட்பட எட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, தமது நிலத்துக்கு மேலே உள்ள அந்தப் பாதைத் துண்டுகள் தமக்கே சொந்தம் என்று பிரகடனம் செய்தன. விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை சொல்வதால் அந்தக் கோரிக்கை எடுபடவில்லை. ஆனாலும் அந்தக் கூச்சல் வீண்போகவில்லை. 1980களின் சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடுகளில், ஒவ்வொரு நாட்டுக்கும் ஓரிடமாவது ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஒரு பகுதி அலைவரிசைகளுக்காவது வந்தது. சின்ன நாடுகள் பேசியதால் கிடைத்தது அது.

கிளார்க் இந்தக் கேள்வியைக் கதையாகவும் எழுதினார். 1979இல் வெளியான அவருடைய சொர்க்கத்தின் நீரூற்றுகள் நாவலில் பூமியிலிருந்து அந்தச் சுற்றுப்பாதை வரைக்கும் ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதைக் கட்ட உகந்த இடம் உலகத்திலேயே ஒரு தீவில் உள்ள ஒரு புனித மலைதான். அந்த மலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி, நாம் பாவா ஆதம் மலை என்றும் சிங்கள மக்கள் சிறீபாத என்றும் அழைக்கும் மலை. கதைக்காக இலங்கையைச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி பூமத்திய கோட்டில் வைத்தார். மலை உச்சியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் துறவிகளுக்கும், உலக நன்மைக்காக அந்த இடம் வேண்டும் என்று வந்து நிற்கும் பொறியியலாளருக்கும் இடையிலான வழக்குத்தான் நாவலின் முதற்பகுதி. கடைசியில் துறவிகள் இறங்கிப் போகிறார்கள். திருகோணமலைக்காரர் ஒருவர் அந்த நாவலைப் படித்தால் மலைக்குப் பதிலாகத் துறைமுகம்தான் கண்முன் வரும். உலகத்துக்குத் தேவைப்படும் இடத்தில் பிறந்துவிட்டவர்களின் பாடு அது.

அவருடைய பொதுவாழ்வின் இன்னொரு பெரிய அத்தியாயம் ஆயுதங்களைப் பற்றியது. 1982இல் ஜெனீவாவில் ஆயுதக் களைவுக் குழுவின் முன் அவர் உரையாற்றினார். வானத்திலிருந்து உளவு பார்க்கும் ஆற்றல் இரண்டு வல்லரசுகளின் தனியுரிமையாக இருக்கக்கூடாது, சமாதானத்தைக் கண்காணிக்கும் செய்மதிகள் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆதரித்த யோசனை. பிரான்ஸ் 1978இல் ஐ.நா.வில் இதைப் போன்ற ஒன்றை முன்வைத்திருந்தது. வாஷிங்டனும் விரும்பவில்லை, மொஸ்கோவும் விரும்பவில்லை. 1983இல் ஜனாதிபதி ரீகன் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தபோது கிளார்க் அதைத் தொழில்நுட்பரீதியாகவும் அரசியல்ரீதியாகவும் எதிர்த்தார். கலிபோர்னியாவில் எழுத்தாளர்கள் கூடிய ஒரு வீட்டில், அவருடைய நெடுநாள் நண்பரான ரொபர்ட் ஹைன்லைன், அமெரிக்கக் குடிமகனல்லாத ஒருவருக்கு அமெரிக்கப் பாதுகாப்பைப் பற்றிப் பேச உரிமையில்லை என்ற பொருள்பட அவரைக் கடிந்துகொண்டார். அவர்களின் நட்பு அதோடு முறிந்தது. வானத்தில் ஆயுதம் வைத்தால் அது எல்லாருடைய தலைக்கும் மேலேதான் சுற்றும். அப்படியிருக்க, அதைப் பற்றிப் பேச ஒரு நாட்டுக்காரனுக்கு மட்டும் உரிமை என்பது என்ன நியாயம்?

இதில் இலங்கைக்கு ஒரு கௌரவமான பங்கு உண்டு. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் பிரகடனத்தை ஐ.நா.வில் முன்னெடுத்த நாடு இது. அது நிறைவேறிய திகதி டிசம்பர் 16, தற்செயலாகக் கிளார்க்கின் பிறந்த நாள். விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1980களிலிருந்து பொதுச் சபையில் எகிப்தும் இலங்கையும் மாறி மாறிச் சமர்ப்பித்து வந்திருக்கின்றன. ரொக்கெட் இல்லாத இரண்டு நாடுகள் ரொக்கெட் உள்ள நாடுகளுக்குச் சொல்லும் புத்தி அது. கேட்டார்களா என்பது வேறு விடயம். 2007இல் சீனா, 2008இல் அமெரிக்கா, 2019இல் இந்தியா, 2021இல் ரஷ்யா என்று ஒவ்வொன்றும் தன் சொந்தச் செய்மதியையே சுட்டு வீழ்த்தித் தன் பலத்தைக் காட்டின. 2019இன் இந்திய ஏவுகணை புறப்பட்ட தீவுக்கு, இராமேஸ்வரத்து மைந்தர் அப்துல் கலாமின் பெயர்.

செய்தி வரவில்லை

கிளார்க்கின் நம்பிக்கைகளில் குறையும் இருந்தது. செய்மதி வந்துவிட்டால் எல்லைகள் மங்கிவிடும், அறிவு எல்லாருக்கும் போய்ச் சேரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். கருவி இருந்தால் ஏற்பாடு தானாக வரும் என்ற நினைப்பு அது. அது எவ்வளவு பிழை என்பதை 2004 டிசம்பர் 26 நமக்குக் காட்டியது.

அன்று காலை சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததற்கும் நமது கிழக்குக் கரையைக் கடல் அடித்ததற்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நமது தலைக்கு மேலே பல நாடுகளின் செய்மதிகள் நின்றன. ஒரு செய்தி மேலே போய்க் கீழே வரக் கால் செக்கன் போதும். ஆனால் இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. பசிபிக் நாடுகளுக்கு இருந்தது, நமக்கு இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் மக்கள் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை, நம்மில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடல் பாடசாலையும் அழிந்தது. 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது அலை காலி வரை வந்ததைப் பற்றி, தனது 1957ஆம் ஆண்டு நூலிலேயே எழுதியிருந்தவர் அவர். எழுதியவர் இருந்தார், செய்மதி இருந்தது. இவை இரண்டையும் இணைக்கும் அரசியல் விருப்பம் மட்டும் இருக்கவில்லை. எச்சரிக்கை முறை பிறகுதான் வந்தது, விலை கொடுத்த பிறகு.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை அவர் இருந்தார். 1984இல் அவருடைய பெயரில் கட்டுபெத்தயில் நவீன தொழில்நுட்ப நிலையம் பாராளுமன்றச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. பிரித்தானியா அவருக்கு சேர் பட்டம் கொடுத்தது, இலங்கை 2005இல் ஸ்ரீலங்காபிமான்ய விருது கொடுத்தது. தனது தொண்ணூறாவது பிறந்த நாளில் அவர் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிரின் சான்று, எண்ணெயை விட்டு விடுபட்ட சுத்தமான சக்தி, இந்த நாட்டில் நிலையான சமாதானம். 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமானபோது மூன்றில் ஒன்றும் நிறைவேறியிருக்கவில்லை. யுத்தம் உச்சத்தில் இருந்தது. அவருடைய விருப்பப்படியே எந்தச் சமயக் கிரியையும் இல்லாமல் பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு என்ன?

அவர் இறந்த பிறகு வானம் இன்னும் நெருக்கமாகிவிட்டது. 2012இல் இலங்கையின் பெயர் தாங்கிய ஒரு செய்மதி சீனாவிலிருந்து ஏவப்பட்டது, ஆனால் அது சீனச் செய்மதி ஒன்றில் வாங்கிய பங்குதான். 2019இல் கிளார்க் நிறுவகத்தின் பொறியியலாளர்கள் இருவர் ஜப்பானில் இருந்து உருவாக்கிய ராவணா-1 மேலே போனது. ஒரு கிலோகிராம் அளவு எடை, கையில் பிடிக்கக்கூடிய பெட்டி. ஆனால் நமது பிள்ளைகளின் கைவேலை. 2025இல் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. அதன் ஆயிரக்கணக்கான செய்மதிகள் கிளார்க்கின் பாதையில் இல்லை, ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுகின்றன. தாமதம் குறைந்துவிட்டது. உரிமையாளர் ஒருவராகிவிட்டார். யுத்த காலத்தில் ஒரு நாட்டுக்கு இணையத்தைக் கொடுப்பதா நிறுத்துவதா என்பது ஒரு தனியார் நிறுவனத்தின் தீர்மானமாக மாறக்கூடும் என்பதை உக்ரைன் விவகாரத்தில் உலகம் பார்த்துவிட்டது.

கீழே பார்த்தால் அதே கதைதான். 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும், சீனக்குடா எண்ணெய்க் குதங்களும், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக்கூடாது என்ற நிபந்தனையும் ஒரே தாளில் வந்தன. துறைமுகமும் அலைவரிசையும் வல்லரசுகளின் கணக்கில் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2022இல் குதங்கள் பங்கு பிரிக்கப்பட்டன. 2025இல் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து திருகோணமலையைச் சக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய அதே எமிரேட்ஸ்தான். இவை நன்மை தருமா தீமை தருமா என்பதை இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இவற்றில் எதையாவது பேசி முடிப்பதற்கு முன் கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

ஓய்வூதியக் கணக்குப் பார்த்த ஓர் எழுதுவினைஞர் தனது ஓய்வு நேரத்தில் வானத்தின் வரைபடத்தைத் திருத்தினார். பணக்கார நாட்டில் பிறந்தும் சிறிய நாட்டின் பக்கம் நின்று வானத்தைப் பற்றிப் பேசினார். நமது பாடசாலைகளில் கணிதமும் பௌதிகவியலும் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வைத்தியராகவோ கணக்காளராகவோ ஆக வேண்டும் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாமல், சுற்றுப்பாதை என்றால் என்ன, அலைவரிசையை யார் பங்கிடுகிறார்கள், அந்த மேசையில் இலங்கைக்காக உட்காருபவர் யார் என்பதையும் சொல்லிக் கொடுப்போம். அந்த நாற்காலியில் ஒரு நாள் நமது மாவட்டத்துப் பிள்ளை ஒன்று உட்காரட்டும்.

சுவாமி மலையின் அடியில் அந்தத் தூண்கள் இன்னும் கிடக்கின்றன. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்காமல் இடித்தவர்களின் வேலை அது. அடுத்த முறை, கடலிலோ வானத்திலோ, நாம் கரையில் பேசாமல் நிற்கக்கூடாது.